கள்ளிக்குருவிக்குக் கிழக்கு வாசல்

நான்காம் வகுப்பில் ஆளுக்கொரு பறவை என்று பிரித்துக் கொடுத்ததில் எனக்கு வாய்த்தது ஏதோ ஒரு வெப்பமண்டலத் தீவில் வாழும் சின்னக் குருவி. கள்ளிப் பூவையும் விதையையும் தின்று, கள்ளியிலேயே உருண்டையாகக் கூடு கட்டி, பக்கவாட்டில் வாசல் வைக்கும். அப்பா அதற்குக் கள்ளிக்குருவி என்று பெயர் வைத்தார். ஷூ பெட்டிக்குள் அதன் தீவைச் செய்து திங்கட்கிழமை பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்கு எங்கள் வீட்டில் பட்ட பாட்டை அந்தக் குருவிகூடப் பட்டிருக்காது.

தேங்காய் நாரில் அப்பா கட்டிய முதல் கூட்டின் கனத்தில் கள்ளியே சாய்ந்தது. இரண்டாவதை அம்மா எட்டிப் பார்த்து, வாசல் எந்தப் பக்கம் என்றாள். அப்பா ஃபோனில் திசை பார்த்தார். தெற்கு. அம்மா உதட்டைப் பிதுக்கினாள். பெட்டியைத் திருப்பி வைத்தால் தீர்ந்தது. அது யாருக்கும் தோன்றவில்லை. அப்பா மூன்றாவது கூட்டுக்கு நார் உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே நாலு மாதமாக என் சனி, ஞாயிறெல்லாம், ஊரை விட்டு வந்து நாங்கள் வாடகைக்கு இருக்கும் டப்ளினில், சொந்தமாக வாங்க வீடு பார்த்தே பாழாகியிருந்தன. ஒன்றுக்குத் தெற்கு வாசல், இன்னொன்றில் ஈசான மூலையில் பாத்ரூம். அம்மா எல்லாவற்றையும் கழித்துக்கட்டினாள். கடுப்பில் என் குறிப்பை உரக்கப் படித்தேன். ஆண் குருவி பல கூடு கட்டும், பெண் குருவி ஒவ்வொன்றாக வந்து பார்க்கும், சில சமயம் எதுவுமே வேண்டாமென்று போய்விடும்.

அப்பா சிரித்தார். "கேட்டியா, நம்ம கதைதான்."

அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் பார்த்த வீட்டுக்குக் கிழக்கு வாசல். சொல்வதற்கு ஒரு குறையும் இல்லை. அம்மா பாதியிலேயே வந்து காரில் உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஈஸ்ட் ஃபேஸிங் தானே மா? வாட்ஸ் த ப்ராப்ளம் நவ்?"

"ஒண்ணுமில்லடி. வாங்கிடலாம்னு அப்பாகிட்ட போய்ச் சொல்லு."

விட்டது சனி என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

சாயங்காலம் அம்மாவே அந்த இரண்டாவது கூட்டை எடுத்துக் கள்ளியில் ஒட்டினாள். வாசல் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. பிறகு லேப்டாப்பைத் திறந்து, மதுரையில் தான் பாடம் நடத்திய கல்லூரிக்கு எழுத ஆரம்பித்தாள். மூன்று வருடமாக விடுப்பை நீட்டிக்கொண்டே வந்தவள். இங்கே அவள் விசாவில் வேலை பார்க்க முடியாது. தோளுக்கு மேலாக எட்டி, 'ரிசைன்' என்ற சொல்லை 'ரீ-சைன்' என்று எழுத்துக்கூட்டினேன். விடுப்புக்கு மறுபடியும் கையெழுத்துப் போடுகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு, பசை எங்கே என்று அவளையே கேட்டேன்.