குரங்கின் தலையில் மஞ்சள்

கோயில் வாசலில் குரங்குக்குப் பழம் போடுகிறவர்களைக் கண்டால் இன்றும் நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். பக்தி தெரியாதவன் என்று கூட இருப்பவர்கள் சொல்வார்கள்.

அறுபதுகளின் கடைசியில், பள்ளிப் படிப்போடு தாம்பரத்தில் சும்மா இருந்த எனக்குக் குரங்கு பார்க்கும் வேலை கிடைத்தது. பட்டணத்திலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சிக்காரர், குன்றத்தூரைத் தாண்டி ஒரு சின்ன மலையில் இருந்த குரங்குக் கூட்டத்தைக் கவனித்து வந்தார். நான் அவரை சார் என்பேன். மலைமேல் ஓர் அம்மன் கோயில். எது எதன் பக்கத்தில் உட்காருகிறது, எது எதற்குப் பேன் பார்க்கிறது, எதைக் கண்டால் எது ஒதுங்குகிறது என்று பாறைமேல் உட்கார்ந்து நான் எழுத வேண்டும். மனிதர்களோடு பேச வேண்டாம் என்பதாலேயே ஒப்புக்கொண்டேன்.

ஆனால் அடிவாரத்தில் பூவோடு பழமும் விற்ற பூக்காரி விடமாட்டாள். "இன்னா அண்ணே, நாள் பூரா கொரங்கையே பாத்துகினு குந்திகினு கீற? பொண்ணு எதுனா பாத்து வெச்சிக்கினியா?" என்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு படியேறிவிடுவேன்.

பெட்டைக் குரங்குகள் எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. முக்கியமாகக் குட்டி வைத்திருந்த ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. சார் ஒரு வழி செய்தார். மூங்கில் கழியின் நுனியில் துணி சுற்றி, மஞ்சள் சாயத்தில் தோய்த்து, அது கடலை பொறுக்கும்போது உச்சந்தலையில் பூசிவிட்டார்.

அம்மன் கோயிலில் ஒரு குரங்கு தலையில் மஞ்சளோடு வந்து நின்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. நான் கிறிஸ்தவன். சாருக்கோ குரங்கைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மனே வைத்த மஞ்சள் என்று பேச்சுப் பரவியது. சீப்புச் சீப்பாகப் பழத்தை அதன் முன்னால் மட்டும் வைத்தார்கள். அது தின்னும்போது பின்னாலிருந்து தலையைத் தடவி, அந்த விரலைத் தங்கள் நெற்றியிலும் பிள்ளைகள் நெற்றியிலும் தேய்த்தார்கள். பேனும் எச்சிலும் சாயமும் கலந்த பிசுக்கு அது.

மற்ற குரங்குகள் பொறுக்குமா? பழக் குவியலுக்காக அதன்மேல் விழுந்தன. பெரிய கடுவன் குரங்கு அதன் முன்கையைச் சதை தொங்கக் கடித்தது. குட்டிக்கும் காலில் கடி. கூட்டத்தைக் கல்லால் விரட்டிவிட்டு, அதே ஜனங்கள் மறுபடியும் அதன் முன்னால் பழம் வைத்தார்கள்.

அடிவாரத்தில் ஒரு குடும்பத்திடம், அது வெறும் சாயம் என்று எப்படியோ வாயைத் திறந்து சொன்னேன். பூக்காரி சிரித்தாள். "அந்த அண்ணன் வேதக்காரரும்மா. அவருக்கு நம்ம ஆத்தாளப் பத்தி இன்னா தெரியும்?" நான் படியேறிவிட்டேன்.

சாரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"நாம பாக்கறதுக்குத்தான் வந்திருக்கோம், தடுக்கறதுக்கு இல்ல. கடிய மட்டும் விடாம எழுதுங்க."

எழுதினேன். மற்ற பெட்டைகள் அதற்குப் பேன் பார்ப்பதை நிறுத்தின. இரவில் எல்லாம் ஒன்றாக ஒண்டும் புளியமரத்திலும் அதற்கு இடமில்லை. குட்டியின் காலில் ஈ மொய்த்தது. கூட்டத்தை விட்டு விலகினால் அந்தக் குட்டி பிழைக்காது என்று சாரே சொல்லியிருந்தார், ஏதோ வானிலை சொல்வதுபோல.

பிறகு மழைக்காலம். சாயம் கரைந்தது. ஜனங்கள் அதை மறந்தார்கள். ஒரு மத்தியானம், வயதான பெட்டை ஒன்று மெல்ல நகர்ந்து வந்து அதன் முதுகில் பேன் பார்க்கத் தொடங்கியது. அது கண்ணை மூடிக்கொண்டது. குட்டி நொண்டிக்கொண்டே மற்ற குட்டிகளிடம் போனது.

மறுவாரம் சார் கழியோடு வந்தார். அடையாளம் போய்விட்டது, மறுபடியும் பூச வேண்டும் என்றார். அதன் கையிலுள்ள வடுவை வைத்தே எனக்குத் தெரிகிறது என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சா போதுமா? போட்டோல தெரிய வேணாமா?" என்று கழியை என் கையில் கொடுத்தார். நான் அதைப் பாறைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் அதை எடுக்கக் குனிந்துகொண்டிருந்தார்.

அடிவாரத்தில் வெகுநேரம் பஸ் வரவில்லை. படியிறங்கி வந்த ஒரு பெண் பூக்காரியின் காதில் ஏதோ சொன்னாள். பூக்காரி அவசரமாகப் பழச்சீப்புகளைக் கூடையில் அடுக்கினாள்.

"ஆத்தா மறுபடியும் மஞ்சள் வெச்சிட்டாளாமே. நீ மேலதானே இருந்த, பாக்கலியா அண்ணே?"