லீவரில் வைத்த குங்குமம்

நான் இப்போது ஓட்டும் வண்டிக்கு ஸ்டீயரிங் கிடையாது. நியூசிலாந்தின் ஒரு சிற்றூர் கிரிக்கெட் மைதானத்தில், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டிக்கு நான்தான் டிரைவர், நான்தான் மெக்கானிக். கைக்கு ஒன்றாக இரண்டு லீவர்கள். இரண்டையும் ஒன்றாகத் தள்ளினால் நேராகப் போகும். ஒன்று பிந்தினால் அந்தப் பக்கம் திரும்பிவிடும். சக்கரங்களைச் சுழற்றுவது ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம். கும்மிடிப்பூண்டியில் ஹைட்ராலிக் பிரஸ்ஸோடு பல வருடம் மல்லுக்கட்டியவனுக்கு அதெல்லாம் பழகிய சங்கதிதான். பழகாதது ஒன்றுதான்: இங்கே யாரும் இயந்திரத்தைக் கொண்டாடுவதில்லை. என் மேலாளர் கிரஹாம் காற்றை ஊதிப் புல்லைத் தட்டிவிட்டுக் கொட்டகையைப் பூட்டிவிடுவார்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் எல்லோரும் துணியும் கையுமாக நிற்போம். என் ஜோடி ஆபரேட்டர் ஆரோக்கியம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்; ஆனால் பிரஸ்ஸுக்கு மாலை போடும் வேலையை யாருக்கும் விட்டுத்தர மாட்டான். அந்த நினைப்பில் இந்த வருடம் நானும் கிளம்பினேன். கையருகே பிரஷர் பைப் இருந்தது. வண்டியை மேலும் கீழும் பீச்சி அடித்துக் குளிப்பாட்டி, இரண்டு லீவரிலும் குங்குமம் வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வண்டி, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிய கையோடு முனகிக்கொண்டே வலப்பக்கம் இழுத்தது. டேங்க் மூடியைத் திறந்தால் எண்ணெய் பால் விட்ட டீ மாதிரி இருந்தது. உள்ளே தண்ணீர். அடுத்த நாள் சீசனின் முதல் மேட்ச். என் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று கிரஹாம் முடிவு செய்யவேண்டியதும் அதே வாரம். பிள்ளைகளை அப்போதுதான் பள்ளியில் சேர்த்திருந்தோம். ஆரோக்கியத்தைப் போனில் பிடித்தேன். அவன் நைட் ஷிப்டில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனா, நாம இங்க துணியிலதான தொடைப்போம்? நீ ஃபாரின் போயி பைப் வெச்சி அபிஷேகம் பண்ணிக்கிற" என்று சிரித்தான். பிறகு, "பேஜாராவாத. மொத்த எண்ணெயும் எறக்கு, ஃபில்டர மாத்து. புதுசு ஊத்திட்டு, பின்வீல் ரெண்டையும் தரையில படாம தூக்கி வெச்சிக்கினு லீவர முன்ன பின்ன மெதுவா ஆட்டு. உள்ள கீற காத்து போவணும். அவசரப்படாத" என்றான்.

அப்படியே செய்தேன். குமிழ்கள் அடங்கி முனகலும் நின்றது. ஆனாலும் வண்டி கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தே ஓடியது. வலது லீவரின் போல்ட்டைத் தளர்த்தி, இடதுக்குச் சமமாக வைத்து இறுக்கிக்கொண்டிருந்தபோது கிரஹாம் வந்தார். பக்கத்துப் பள்ளியின் வண்டியை இரவலாகக் கேட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. அவர் கொட்டகையில் சிவப்புப் பொட்டு என்றால் பழுது, தொடாதே என்று பொருளாம். முந்தைய நாள் மாலை கொட்டகையைப் பூட்ட வந்தபோது லீவர்களில் பொட்டைப் பார்த்தாராம். "பழுதை முன்கூட்டியே கண்டுபிடித்துக் குறி வைத்திருக்கிறாய். குட் மேன்" என்று என் தோளைத் தட்டினார்.

பேசாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. அது பழுதின் குறி இல்லை, மரியாதை என்றேன். பழுதாக்கியது நான் அடித்த தண்ணீர் என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"அப்படியானால் மரியாதை செய்யும்வரை நன்றாகத்தான் ஓடியதா?"

"யெஸ்."

விழுந்து விழுந்து சிரித்தார். எழுந்து போகும்போது, "அடுத்த வருடம் ஈரத்துணி போதும்" என்றார். அடுத்த வருடம் என்று அவர் சொன்னதை வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் மூன்று முறை சொன்னேன்.

அன்று மாலையே எங்கள் வண்டியில் மைதானம் முழுவதும் வெட்டி முடித்தேன். இப்போது எங்கள் கொட்டகையில் பழுதான சாமான்களுக்கு நீலப் பொட்டு. வலது லீவரில் வைத்த குங்குமம் அன்றே என் எண்ணெய்க் கையில் அழிந்துவிட்டது. இடதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தினமும் ஒரு கையில் அதையும் மறு கையில் வெறும் இரும்பையும் பிடித்து, இரண்டையும் ஒரே அளவாகத் தள்ளுகிறேன். வண்டி நேராகத்தான் போகிறது.