தொப்பியைக் கழற்ற வந்தவன்

நான் இங்கிலீஷ் பழகியது கொலைப்பாட்டுகளில். சொன்னால் சிரிப்பார்கள். கட்டாரில் ஒரு கட்டிடக் கம்பனியின் ஸ்டோரில் வேலை செய்த காலத்தில், எங்களுக்கு மேலே ஒரு அமெரிக்கக் கிழவர் இருந்தார். அவருடைய பிக்கப்பில் ஏறினால் இறங்கும்வரை பாட்டுத்தான். கிட்டாரும் வயலினும் வைத்து, மூக்கால் பாடுகிற பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகள். கன்ட்ரி என்று அதற்குப் பெயர். கேட்கச் சுகமாக இருக்கும். தாலாட்டுப் போல ஆடி ஆடிப் போகும். ஒருநாள் இது என்ன சொல்கிறது என்று கேட்டேன். "அவன் அவளை ஆற்றில் தள்ளிவிட்டான்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டாக விளங்கப்படுத்தத் தொடங்கினார். ரசீதுக்கு இங்கிலீஷ் தெரிவதற்கு முன்பே எனக்குத் தூக்குமரத்துக்கும் சிறைச்சாலைக்கும் புதைகுழிக்கும் தெரிந்திருந்தது இப்படித்தான்.

அந்தப் பாட்டுகளில் உருப்பட்டவன் ஒருவனும் இல்லை. காணி போகும். மனைவி போவாள். பிள்ளை காய்ச்சலில் கிடக்க, தகப்பன் மருந்துக்கு வைத்திருந்த காசைக் குடித்துவிட்டு வருவான். ஆனால் பாடுகிறவன் அழமாட்டான். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கொலையைச் சொல்வான். எனக்குப் பிடித்தது அதுதான். எங்கள் பக்கத்தில் துக்கம் என்றால் ஊருக்கே கேட்க வேண்டும்.

திரும்பி வந்து முல்லைத்தீவில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடத் தொடங்கினேன். கோவில் திருநாள், கலியாணம், சாவீடு எல்லாவற்றுக்கும் நான்தான். எங்கள் கரையோரத்துக் கத்தோலிக்கக் கலியாணங்களில் கேக் வெட்டும்போது ஒரு மெதுவான இங்கிலீஷ் பாட்டுப் போட வேண்டும். போடாவிட்டால் கலியாணமே நடக்காத மாதிரிக் குறை சொல்வார்கள். பாட்டை மெட்டுப் பார்த்துத்தான் தெரிவுசெய்வார்கள், என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையின் தம்பி பென்டிரைவில் கொண்டுவந்து தந்தது, காதலியைக் குத்திப் புதைத்தவனின் பாட்டு. "தம்பி, இது வேண்டாம்" என்றேன். "நல்ல ஸ்லோவா இருக்கு அண்ணை, விடுங்கோ" என்றான். விட்டேன். அவன் அவளைப் புதைக்கிற இடத்தில் இவர்கள் ஒருவருக்கொருவர் கேக் ஊட்டினார்கள். இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். மூன்றாவது பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் என் ஸ்பீக்கர்தான் போனது.

என் அக்காவின் வீடு எனக்கு அடுத்த வளவு. பின்னேரங்களில் நான் ஸ்பீக்கர்களை முற்றத்தில் வைத்துப் பாட்டுப் போட்டுச் சரிபார்ப்பேன். அக்கா தன் குசினி வாசலில் இருந்து மீன் வெட்டுவாள். ஒருநாள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"என்னவாம் சொல்லுறான்?"

"பெட்டையைக் கொலை செய்துபோட்டானாம் அக்கா."

"ஏனாம்?"

"அவள் கட்டமாட்டன் எண்டவளாம்."

"பிறகு?"

"பிடிச்சிட்டாங்கள். விடியத் தூக்கு."

"அவளின்ரை தாய்க்குத் தெரியுமோ?"

"தெரியும். ஆத்திலை இருந்து எடுத்துக் குடுத்தவங்கள்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மீனை வெட்டத் தொடங்கினாள்.

அதில் என்ன சரி என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

அக்காவின் கணவர், என் அத்தான், அதற்கு முன்பே கடலுக்குப் போய்த் திரும்பாதவர். வாடைக்காற்றுக் காலம். வழக்கமாக இரண்டு பேர் போகிற போட். கூடப் போகிறவருக்கு அன்று காய்ச்சல். தனியாகப் போனார். அடுத்த நாள் போட்டைக் கண்டுபிடித்தோம். எஞ்சின் மேலே தூக்கிக் கட்டியபடி, வலை பாதி உள்ளே, பாதி தண்ணீரில். அவருடைய சாப்பாட்டுப் பெட்டி திறக்காமல் இருந்தது. ஆளைக் காணவில்லை. கரையில் இருந்த போட்டெல்லாம் போய்த் தேடியது. நானும் போனேன். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. உடல் கரைக்கு வந்தால்தான் சாவு. கோவில் மணி அடிக்கும், ஒருவரும் கடலுக்குப் போகமாட்டார்கள், சனம் கூடும், பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். உடல் வராவிட்டால் வாயால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் கொன்றமாதிரி. ஆகையால் அத்தானைப்பற்றி "இன்னும் வரேல்லை" என்றுதான் கதை. அவருடைய எஞ்சினை வாங்கியவர்கூட, "அவர் வந்தால் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் தூக்கிக்கொண்டு போனார். இந்த மண்ணில் காணாமல் போனவர்களுக்குக் குறைவில்லை. யுத்தத்தில் ஆளைத் தொலைத்தவர்களுக்கு ஒரு போராட்டப் பந்தல் இருக்கிறது, படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு தெருவோரம் இருக்கிறது, கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. கடலிடம் யார் போய்க் கேட்பது?

அக்கா பாவம், இரண்டும் கெட்டான் நிலை. வெள்ளைச் சேலை உடுக்கவில்லை. ஆனால் நல்ல காரியங்களில் தட்டம் தூக்க அவளைக் கூப்பிடவும் ஒருவருக்கும் மனம் வராது. கூப்பிடாமல் விடவும் பயம். இவள் வந்துவிட்டாளே என்று பார்ப்பார்கள், பிறகு அவசர அவசரமாகக் கதிரை எடுத்துப் போடுவார்கள். அதைப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும். ஆனால் நானும் அவளிடம் "அத்தான் வருவார்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

பாட்டுக் கேட்பது வழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் டிவி நாடகம் பார்ப்பதுபோல் அவள் இதைப் பிடித்துக்கொண்டாள். குடிகாரன் வந்தால் திட்டுவாள். "அவளுக்கும் அறிவில்லை, ஆத்தங்கரைக்கு ஏன் தனியப் போனவள்?" என்று செத்தவளையும் திட்டுவாள். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் "பிறகு?" வரும். நான் முடிவைச் சொல்வேன். தூக்கில் போட்டார்கள், தாய்க்குப் பக்கத்தில் புதைத்தார்கள், லொறி பள்ளத்தில் விழுந்தது. "அப்ப சரி." ஒருதரம் நல்லதாகப் போடுவோமே என்று, போன கணவன் திரும்பி வருகிற பாட்டு ஒன்றைப் போட்டேன். கேட்டு முடித்துவிட்டு, "இது சும்மா பாட்டு. மற்றதைப் போடு" என்றாள். சொந்தக்காரர்கள் என்னைப் பிடித்து ஏசினார்கள். இருக்கிற கவலை போதாதென்று நீ சாவுப்பாட்டை வேறு ஊத்துகிறாய் என்றார்கள். அக்கா சிரிப்பதை அவர்கள் பார்த்ததில்லை. என் தொப்பியை "மொட்டைக்கு மூடி" என்று அவள் பகிடி பண்ணுவதும் அந்தப் பின்னேரங்களில்தான்.

போன வருடம் அக்காவின் மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. வவுனியா மாப்பிள்ளை, நல்ல பிள்ளை. எங்கள் சமயத்தில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் அறிவித்தல் வாசிக்க வேண்டும். இன்னாருடையதும் இன்னாருடையதும் மகன், இன்னாருடையதும் இன்னாருடையதும் மகளைக் கலியாணம் முடிக்க இருக்கிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. தகப்பன் இல்லையென்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' வரும். மாப்பிள்ளையின் தாய் மரியாதையான மனுஷி. எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைக் குடித்துமுடித்த பிறகுதான் கேட்டார்.

"அறிவித்தலிலை தகப்பனை எப்பிடிப் போடுறது?"

மகள் எழும்பி உள்ளே போய்விட்டாள்.

கோவிலில் பூசை வைக்கிற சுவாமியாரும் கேட்டுவிட்டார். "நீங்கள் சொல்லுற மாதிரி நான் வாசிக்கிறன் அம்மா. ஞாயிறுக்கு முந்திச் சொல்லுங்கோ, போதும்" என்றார். அந்தச் சொல் இல்லாமல் வாசித்தால், அத்தான் எங்கே என்று வவுனியாச் சனம் கேட்கும், விட்டுவிட்டு ஓடியவர் என்றும் கதை கட்டும். சொல்லோடு வாசித்தால், அவரைக் கொன்றவள் அக்கா ஆகிவிடுவாள். கோவிலுக்குள் வாசிக்கப்போவது என் மைக்கில். கடற்கரை வரைக்கும் கேட்கப்போவது என் ஸ்பீக்கரில். அந்தக் கிழமை முழுக்க அக்கா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மகளோ, "அம்மா என்ன சொன்னாலும் எனக்குச் சரி" என்று சொல்லிவிட்டாள். அப்படிச் சொன்னது அக்காவுக்கு இன்னும் பாரமாகிப் போனது.

சனிக்கிழமை பின்னேரம் கோவிலுக்குக் கொண்டுபோக ஸ்பீக்கர்களைச் சரிபார்த்தேன். என்ன பாட்டு வருகிறது என்று பார்க்கவில்லை. வந்தது ஒரு நிலக்கரிச் சுரங்கப் பாட்டு. வேலியடியில் அக்கா வந்து நின்றாள்.

"இது என்ன?"

"சுரங்கம் இடிஞ்சு விழுந்திட்டுது. உள்ளுக்கை ஆக்கள். மனிசி வாசலிலை வந்து நிக்கிறாள்."

"பிறகு?"

"மழையிலையும் நிக்கிறாள். பிறகு மேலாளர் வெளியிலை வாறார். அவளுக்கு முன்னாலை வந்து தொப்பியைக் கழட்டுறார்."

"ஏன் கழட்டுறார்?"

"அது அவங்களின்ரை வழக்கம் அக்கா. சாவைச் சொல்ல வாறவன் தொப்பியைக் கழட்டுவான்."

"அவள் என்ன செய்தவள்?"

"வீட்டை போயிட்டாள். பிள்ளையளுக்குச் சமைச்சவளாம். அதோடை பாட்டு முடியுது."

அவள் வழக்கம்போல் 'அப்ப சரி' சொல்லவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவளுக்கு ஒருத்தன் வந்தவன்" என்றாள். "எனக்கு ஒருத்தரும் வரேல்லையே, தம்பி."

அந்தக் கடற்கரையில் எத்தனை ஆம்பிளைகள். எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தோம். இரக்கம் என்றுதான் நினைத்தோம். அவள் சுரங்க வாசலில் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

"நீ படலைக்கு வெளியாலை போ" என்றாள் அக்கா. "போயிட்டு, வா."

விளங்கிவிட்டது. முடியாது என்று சொல்லப் பார்த்தேன். அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. பாட்டை நிறுத்தினேன். என் வளவால் வெளியே போய், ஒழுங்கையால் நடந்து, அவளுடைய படலைக்கு முன்னால் நின்றேன். ஒரு சைக்கிள்காரர் போனார், அவர் போகும்வரை பார்த்திருந்தேன். படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். அக்கா குசினி வாசலில் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்து, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வருவதைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

தொப்பியைக் கழற்றினேன்.

"அக்கா, அத்தான் செத்துப்போனார்" என்றேன். "போட்டைக் கண்டனாங்கள். வலை பாதி ஏத்தியிருந்தது. இழுக்கேக்கை விழுந்திருப்பார். அண்டைக்குக் கடல் சரியில்லை. எல்லா இடமும் தேடினனாங்கள். கிடைக்கேல்லை. அவர் இனி வரமாட்டார்."

பஸ் நேரம் சொல்கிற குரலில்தான் சொன்னேன். வேறு குரலில் எனக்கு அதைச் சொல்லவும் தெரியாது.

"பிறகு?" என்றாள்.

அந்தக் கேள்வியை எத்தனை பாட்டுக்குக் கேட்டிருப்பாள்.

"பிறகு ஒண்டுமில்லை. பிள்ளைக்குக் கலியாணம்."

"அப்ப சரி" என்றாள் அக்கா.

அதன் பிறகுதான் குரல் வெளியே வந்தது. அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. மகள் உள்ளே இருந்து ஓடி வந்து தாயைப் பிடித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியாலும் படலையாலும் வந்தார்கள். அக்காவைச் சுற்றி நிலத்தில் இருந்து, ஆளையாள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். யார் செத்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

அன்றைக்கே சுவாமியாரிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, என் தோளில் கையை வைத்தார்.

ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தல் வாசித்தார். நான் கோவில் பக்கவாசலில், மைக் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். சத்தத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. 'காலஞ்சென்ற' என்று வந்தது, அதன் பிறகு அத்தானின் பெயர். அக்கா வெள்ளைச் சேலையில் முன்வரிசையில், மகளின் கையை மடியில் வைத்தபடி இருந்தாள். தலையை ஆட்டினாள், எல்லாம் சரியாக வாசித்தார் என்பதுபோல்.

எனக்குத்தான் ஏலாமல் போனது. வயரைப் பார்ப்பதுபோல் வெளியே போய், கோவிலின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, அத்தானுக்காக முதல்முறை அழுதேன். தொப்பி கையில்தான் இருந்தது.