பால்கனியில் ஒரு கிரேன்

ஒன்றோடொன்று பூட்டும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளை இணைத்து, மோட்டார் வைத்துக் கிரேன் கட்டுவதுதான் என் ஞாயிற்றுக்கிழமை வேலை. யாராவது கேட்டால், "பையனுக்கு" என்பேன். பையன் ஜாதவ்பூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான்.

சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் மாடியிலிருந்து கயிற்றில் பையை இறக்கித்தான் எல்லோரும் காய்கறி வாங்குவார்கள். அன்று எங்கள் மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து கிரேனில் பையை இறக்கினேன். கத்தரிக்காயும் தயிர்ச் சட்டியும் ஆடி அசைந்து ஏறின. இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேரே பேட்டரி தீர்ந்துவிட்டது. பை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தெருவே அண்ணாந்து பார்த்தது.

"கயிறு போதாதா உங்களுக்கு? மானமே போறது!" என்றாள் மனைவி.

இரண்டாம் மாடி தத்தா பாபு சிரித்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி, பையை இழுத்துப் பார்த்தார்.

"வார்ம் கியர்தானே, மஷாய்? மோட்டார் நின்னாலும் அந்தப் பல்சக்கரம் பிடிச்சுக்கும். அதான் கீழே நழுவல" என்றார் வங்காள மொழியில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கொஞ்ச நேரத்தில் புது பேட்டரியோடு மேலே வந்தார். இன்னொரு கையில், அதே கட்டைகளில் செய்த கியர் பாக்ஸ்.

"இது..." என்று இழுத்தேன்.

"பேரனுக்கு" என்றார்.

அவருடைய ஒரே பெண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும், "எனக்குத்தான்" என்று சொல்லிவிடுகிறேன். தத்தா பாபுவிடம் மட்டும் "பையனுக்கு" என்பேன். அவர் மனசு நோகக் கூடாதல்லவா?