வேனுக்குள் ஒரு கறுப்பு முடிச்சு

குவைத்துக்குப் போவதற்கு முன் நைனா கடைசியாகச் செய்த வேலை, வேனுக்குத் துருப்பிடிக்காமலிருக்கப் பூச்சு அடித்ததுதான். விஜயபுரம் பக்கத்து ஜனங்களைத் திருப்பதிக்கு ஏற்றிப்போகும் வேன் அது. ரோட்டில் புது வண்டிகள் பெருகியதும் எங்கள் கிழட்டு வேனில் ஏற ஆள் குறைந்தது. ஊரில் பாதிப்பேர் குவைத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நைனாவுக்கும் டிரைவர் வேலைக்கு விசா வந்தது. ஆனால் வேனை விற்க மாட்டேன் என்றார். சம்பாதித்து வந்து, புது இன்ஜின் போட்டு, இதையேதான் ஓட்டப்போகிறாராம்.

திருப்பதியிலிருந்து பெயிண்ட் டின்கள் வாங்கி வந்தார். கொட்டகையில் வண்டியைக் கல்மேல் ஏற்றி, அடிச்சட்டமான சேஸ்ஸைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, டீசலில் துடைத்து, ரெட் ஆக்சைடு அடித்தார். அதன்மேல் தார் போன்ற கறுப்புப் பூச்சு. நானும் பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். அந்த வாசனையில் தலை லேசாகச் சுற்றும். நைனாவின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வரும். "நான் வர்ற வரைக்கும் இதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். என்னிடம் சொன்னாரா, வண்டியிடமா, தெரியவில்லை.

பெயிண்ட் துருவைத் தடுக்கும், ஊர்க்கண்ணைத் தடுக்குமா என்பது அம்மாவின் கேள்வி. நைனா சாப்பிடப் போன நேரம் பார்த்து, தன் பழைய கறுப்பு ரவிக்கையில் ஒரு துண்டு கிழித்து, கல்லுப்பும் படிகாரமும் வைத்து முடிந்தாள். வாசலில் கட்டுகிற திருஷ்டி முடிச்சுதான். ஆனால் வண்டிக்கு வெளியே கட்டினால் நைனா பிடுங்கி எறிந்துவிடுவார். அதனால் வண்டியைச் சுற்றி வந்து, சேஸ்ஸில் இருந்த ஓர் ஓட்டைக்குள் திணித்தாள்.

"நைனா கிட்ட சொல்லாத. அவுரு நல்லபடியா வந்து சேரணும்" என்றாள்.

நைனா திரும்பி வந்து ஓட்டைகளையெல்லாம் பட்டி வைத்து அடைத்து, மேலே கறுப்பு அடித்து முடித்தார்.

அவர் போனபின் மதியங்களில் வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். மேலே ஒரே கறுப்பு. கண்ணை மூடினால் வண்டி ஓடும். புத்தூர் தாண்டும், மலை தெரியும், நைனா ஹாரன் அடிப்பார். எஸ்.டி.டி. பூத்தில் பேசும்போது எங்களை விசாரித்த கையோடு அவர் வண்டியையும் விசாரிப்பார். "பளபளன்னு கீது" என்பாள் அம்மா. பொய்யில்லை, ஞாயிறுதோறும் அவளே துடைப்பாள்.

சில வருஷம் கழித்து வந்தவர், மறுநாள் காலையிலேயே வண்டிக்கு அடியில் புகுந்தார். நானும் பின்னாலேயே புகுந்தேன். ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போனவருக்கு ஓரிடத்தில் சத்தம் மாறியது. இன்னொரு தட்டு தட்டினார். பூச்சு தோல்போல உரிந்து தொங்க, உள்ளிருந்த இரும்பு செம்மண்ணாகக் கொட்டியது. விரல் விட்டு இழுத்தார். ஊறிப்போன கறுப்புத் துணி வந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புக் கரித்ததுபோல் துப்பினார். பிறகு அந்த ரவிக்கைத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெளியே அம்மா சொம்பில் தண்ணீரோடு நின்றாள். வண்டியைக் காப்பாற்றி ஒப்படைத்த பெருமை அவள் முகம் முழுக்க இருந்தது.

"டின்னே போலி. கடக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் நைனா.

அம்மா அந்தக் கடைக்காரனைத் திட்டித் தீர்த்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். சேஸ் இற்றுப்போனதால் வேன் காயலான் கடைக்குப் போயிற்று. ஓட்ட வண்டி இல்லாத நைனா, லீவு முடியும் முன்பே மறுபடி குவைத்துக்குக் கிளம்பினார்.

போன தடவை அவரை ஊர் சேர்த்ததே அந்த முடிச்சுதான் என்று அம்மா என் காதோடு சொன்னாள். புதிதாக ஒன்று முடிந்து அவர் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தாள். நைனா அதைப் பார்த்தார். எடுத்து எறியாமல், கசங்காதபடி ஒரு சட்டையில் சுற்றி வைத்து, பெட்டியை மூடினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதன் பிறகு வெகுகாலம், திருப்பதி போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக அந்தப் பெயிண்ட் கடைக்காரனை முறைத்துக்கொண்டுதான் போனேன்.