வடக்கு ஜன்னல்

மொரப்பூரில் எங்கள் எதிர் வீட்டில், பக்கவாதத்தில் விழுந்த பாய் ஒருவர் கட்டிலோடு கிடந்தார். மருதாணி ஏறிய தாடி. மார்கழிக் குளிரில் நல்ல கையால் சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பார்.

“உங்க ஜன்னல் தெக்க பாக்குது சார், குளிருக்கு வெயில் உங்க வூட்லயே குந்திக்குது. என்னுது வடக்கு. சித்திரை கடைசிலதான் வரும். வந்துட்டா இந்தச் செத்த கையி அசையும், பாருங்க.”

அதுவரை உயிரோடு இருந்துவிட்டார். வைகாசியில், பகலெல்லாம் ஓடு கொதித்த அறைக்குள் சாயங்கால வெயிலும் சாய்ந்து நுழைந்தது.

“வெயில் வெயில்னீங்களே, இந்தா வந்துருச்சு!” என்றார் பாயின் மனைவி.

“வேகுது. சாக்க நனச்சு மாட்டும்மா.”

ஈரச் சாக்கின் ஓரமாகக் கசிந்த வெளிச்சம் அந்தச் செத்த கைமேல் கிடந்தது.

“சுடுதா பாய்?” என்றேன்.

“அதுக்கு எங்க தெரியுது சார்.”

எதிரே என் ஜன்னல் நிழலில் குளிர்ந்திருந்தது. சாக்கின் இடுக்கு வழியே அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.