புசல்லாவை இறக்கத்தில் நின்ற கல்யாணக் கார்

போன வருடம் என் மகளின் கல்யாணத்தன்று காலை. கண்டியில் ஒரு கோயிலில் முகூர்த்தம். தம்பியும் நானும் ஞாயிறு ஞாயிறாகப் பிரித்துப் பூட்டிய பழைய காரில்தான் மணப்பெண்ணாகப் போவேன் என்று மகள் அடம்பிடித்தாள். உறவினர்களின் வேன் முன்னால் போய்விட்டது. அவளையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு புசல்லாவையிலிருந்து புறப்பட்டேன்.

கம்பளைக்கு இறங்கும் வழியில் எஞ்சின் திக்கியது, வெடித்தது, நின்றுவிட்டது. மனைவி கடிகாரத்தையே பார்த்தாள். மகளின் கண்ணில் மை கரைந்து வழிந்தது. நான் இறங்கி பொனட்டைத் திறந்தேன்.

எதிரே நுவரெலியாப் பக்கம் போன கார் ஒன்று நின்றது. இறங்கிய யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தன்னிடமும் இதே மாதிரிக் கார் இருப்பதாகச் சொல்லி, என் ஸ்பேனர் சாவிகளை வாங்கி, எஞ்சினுக்குத் தீப்பொறி பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினார். அதன் அடியிலிருந்த கியரின் பற்கள் கத்தி போலத் தேய்ந்திருந்தன.

“இந்தக் கியரைச் சுத்துற கேம் ஷாஃப்ட் புதுசோ?”

“ஆமாங்க, எஃகுல வாங்கிப் போட்டோம். கியர் மட்டும் பழசு.”

“அந்தப் பழைய வார்ப்பிரும்புக் கியர் எஃகோடை ஒத்துப்போகாது. இதுக்கு வெண்கலக் கியர்தான் போடவேணும். ஒயில் பம்பைச் சுத்துறதும் இந்தக் கியர்தான். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா, எஞ்சின் முழுக்கப் போயிருக்கும். என்ரை எஞ்சின் அப்பிடித்தான் போனது.”

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே மகளைப் பார்த்தார். “கல்யாணப் பொம்பிளை அழக்கூடாது. என்ரை காரிலை ஏறுங்கோ.”

“நீங்க அந்தப் பக்கமில்ல போறீங்க?” என்றேன்.

“நான் பிறகு போகலாம். முகூர்த்தம் நிக்குமோ?”

என் காரை ஒரு கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஏறினோம். வழியெல்லாம் மகளைச் சிரிக்கவைத்தபடியே ஓட்டினார். நாதஸ்வரச் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி மனைவி கையைப் பிடித்தாள். நேரமாகிவிட்டது என்று சொல்லி என் தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டார். “எஞ்சினுக்கு அடியிலை இருக்கிற ஒயில் சம்பைக் கழட்டிக் கழுவுங்கோ, இரும்புத்தூள் கிடக்கும்” என்றார், புறப்படும்போது.

சில நாட்களில், விலாசம் கேட்டு, தன்னிடம் மேலதிகமாக இருந்த வெண்கலக் கியரையும் அனுப்பிவைத்தார். வெண்கலம் மெதுவாகத் தேயும், அடிக்கடி பாருங்கள் என்று தொலைபேசியில் சொன்னார். எஞ்சின் இன்று மழையிலும் மலையிலும் சத்தமில்லாமல் ஓடுகிறது.

கல்யாணப் படங்கள் எதிலும் அந்த அம்மா இல்லை. ஆனாலும் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது, தன் வேலையை விட்டுவிட்டு எங்களுக்காகக் கண்டிப் பக்கம் திரும்பிய அவருடைய கார்தான்.